கலைச்சொல்: 'வெரிஃபைடு பூட்' – பூட்டா, முத்திரையா?

> ஆண்ட்ராய்டு போன் எழும்பும்போது தன் இயங்குதளம் அசல்தானா என்று சரிபார்க்கும் 'வெரிஃபைடு பூட்'டுக்குத் தமிழில் 'பூட்டிய தொடக்கம்' என்றே வைத்துவிடலாம். கிராஃபீன்ஓஎஸ் (பிக்சல் போன்களில் போடும் மாற்று இயங்குதளம்) நிறுவும்போது கடைசியில் பூட்டத்தானே செய்கிறோம்? உரிமையாளருக்கே ரூட் (முழு நிர்வாக உரிமை) தராத அமைப்புக்கு அந்தப் பெயர் பொருத்தமும்கூட.

வணக்கம் ஐயா,

'பூட்டு' வேண்டாம். திரைப்பூட்டு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. உதவிப் பக்கத்தில் 'பூட்டைத் திறக்கவும்' என்று கண்டவர் பின் எண் போடச் சொல்வதாக நினைப்பார். இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கவைக்கும் நிரலான பூட்லோடரைத் திறந்தாலோ போனில் உள்ள தரவு முழுக்க அழியும். திரும்பப் பூட்டினாலும் அழியும்.

இங்கே வேலைகள் இரண்டு. ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து போனில் மென்பொருள் ஏற்றும் முறை) வழியாக வேறு மென்பொருள் ஏற்றவிடாமல் தடுப்பது ஒன்று. அதைப் 'பூட்டு' என்பதில் தவறில்லை. ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இயங்குதளத்தின் கையொப்பம் பதிவான சாவியோடு பொருந்துகிறதா எனப் பார்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுக்குத்தான் சொல் தேடுகிறோம். என் பரிந்துரை: முத்திரைத் தொடக்கம். எடைக்கல்லில் முத்திரை பார்த்து வாங்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

ரூட் பற்றி: அதைப் பெறப் பயன்படும் மேஜிஸ்க் என்ற கருவி பூட் படிமத்தையே (தொடக்கத்தில் ஏறும் மென்பொருள் கோப்பையே) மாற்றுகிறது. மாறிய படிமம் பழைய கையொப்பத்தோடு பொருந்தாது. ஆகவே பெரும்பாலும் பூட்லோடரைத் திறந்தே வைக்கவேண்டியிருக்கிறது. திறந்த போன் பத்து நிமிடம் பிறர் கையில் சிக்கினால் போதும், திருத்திய படிமத்தை ஏற்றிவிடலாம். தரவு குறியாக்கத்தில் பத்திரமாக இருக்கும், நீங்கள் அடுத்த முறை பின் எண்ணைத் தட்டும்வரை.

> எடைக்கல்லுக்கு முத்திரை இடுவது அரசு, கடைக்காரர் அல்ல. அப்படியானால் அதிகாரம் வேறு கையில் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

நல்ல பிடி. ஆனால் பிக்சலில் முத்திரையை நாமே இடலாம். இயங்குதளத்தை ஏற்றி, அதன் பொதுச்சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியை) போனின் 'ஏவிபி கஸ்டம் கீ' பகுதியில் எழுதி, அதன் பிறகே 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் லாக்' என்ற பூட்டும் கட்டளை. நீங்களே தொகுத்து உங்கள் சாவியால் ஒப்பமிட்ட இயங்குதளத்தையும் இதே வழியில் பூட்டலாம். சாவி எழுதாமல் பூட்டினால் போன் எழும்பாது. பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஈஎம் அன்லாக்கிங்' அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் மறுபடி திறந்து சரிசெய்யலாம். அணைந்திருந்தால் ஃபாஸ்ட்பூட்டில் திறக்க வழியில்லை. அதனால் அதை அணைப்பது, புது இயங்குதளம் ஒருமுறை முழுதாக எழும்பிய பிறகுதான்.

> சரி, 'முத்திரைத் தொடக்கம்' ஏற்கிறேன். திரையில் வரும் எச்சரிக்கைகளுக்கு? ஆரஞ்சுக்கு 'முத்திரையில்லை', சிவப்புக்கு 'முத்திரை உடைந்தது' போடலாமா?

ஆரஞ்சு வருவது பூட்லோடர் திறந்திருக்கும்போது. அப்போது முத்திரை இருக்கலாம், அதைப் பார்ப்பார்தான் இல்லை. 'முத்திரை பார்க்கப்படவில்லை' என்போம். சிவப்புக்கு 'உடைந்தது' கூடாது. சாவி எழுத மறந்தாலும் சிவப்புதான் வரும், யாரும் எதையும் உடைத்திருக்கமாட்டார்கள். 'முத்திரை பொருந்தவில்லை' போதும். நாமே எழுதிய சாவியோடு பொருந்தும்போது வரும் மஞ்சளுக்கு 'தன்முத்திரை': கிராஃபீன்ஓஎஸ் போட்டவர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் காண்பது அதைத்தான். புதியவர் பலர் அதைப் பழுது என்று எண்ணிப் பதறுகிறார்கள். கீழே காட்டும் சாவி ஹாஷை (சாவியின் சுருக்க அடையாளத்தை), இயங்குதளத்தின் இணையதளத்தில் உள்ளதோடு ஒப்பிடச் சொல்லும் ஒரு வரியும் அங்கே சேரட்டும்.