பதிவு எண் இல்லாத தரகர்: எங்கே புகார் செய்வது?

நண்பர்களே, வணக்கம். செங்கல்பட்டு அருகே புதிய லேஅவுட் ஒன்றில் மனை வாங்க என் அக்கா முன்பணம் கொடுத்திருக்கிறார். தரகர் தந்த விசிட்டிங் கார்டில் தங்க நிறத்தில் பெயர், மூன்று செல்பேசி எண்கள், ஒரு பிள்ளையார் படம் எல்லாம் இருக்கின்றன. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் மட்டும் இல்லை. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் முகவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் கிடைக்கவில்லை. கேட்டால், "இருபது வருடமாகத் தொழில் செய்கிறேன், எனக்கு எதற்குப் பதிவு?" என்கிறார். பதில் நன்றாகத்தான் இருக்கிறது!

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யவேண்டிய திட்டங்களில் மனை விற்றுத்தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தை அவர் விற்கவும் கூடாது. மீறினால் 62ஆவது பிரிவின்கீழ் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம்; மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: லேஅவுட் பதிவாகி, தரகர் மட்டும் பதிவு செய்யாதவர் என்றால் புகாரை அவர்மேல் தனியாகக் கொடுக்க முடியுமா? லேஅவுட் போட்ட நிறுவனத்தையும் சேர்க்க வேண்டுமா? முன்பணம் தரகர் கையில் ரொக்கமாகப் போயிருக்கிறது. துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்து மட்டும் உண்டு. அது சாட்சியாக நிற்குமா? இப்படிப் புகார் கொடுத்துப் பணம் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.