புதுப்பிப்பு: சங்க அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதம்

ஒரகடம் ஆலை வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சங்கத்தில் முழுநேர ஊழியராகப் போகலாமா என்று ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன். "முதலில் மனு எழுதக் கற்றுக்கொள்" என்றார் ஒரு அண்ணன். அவருக்குத்தான் முதல் நன்றி.

சேர்ந்துவிட்டேன். சம்பளம் பாதிதான். வீட்டில் பேசி ஒத்துக்கொள்ள வைத்தோம், சரி.

மேடைப் பேச்சுதான் வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் நாளின் பெரும்பகுதி காகிதத்தில் போகிறது. போன மாதம் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு அக்காவுக்காகச் சமரச அதிகாரியிடம் (நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே பேசித் தீர்த்துவைக்கும் அரசு அதிகாரி) மனு கொடுத்தோம். 45 நாளில் தீர்வு வராவிட்டால் அக்காவே நேராக வழக்குப் போடலாம். அதனால் மனு கொடுத்த தேதிக்கான ஒப்புகை உயிர் மாதிரி. அக்காவிடம் நியமனக் கடிதமே இல்லை, பி.எஃப். கணக்கு விவரமும் வங்கிப் பதிவும் வைத்துத்தான் பணிக்காலத்தை நிறுவினோம். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். இவ்வளவு நிறைவாக ஆலையில் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

ஆலையில் வேலை செய்யாத வெளியாள் சங்க நிர்வாகியாக முடியுமா என்றும் கேட்டிருந்தேன் அல்லவா? முடியும். ஆனால் ஆலைச் சங்கங்களில் மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதுதான் வரம்பு. அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. சங்கம் உள்ளே வேலை செய்பவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், மாலைநேரத் தொழிலாளர் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அக்காவின் அடுத்த பேச்சுவார்த்தை வியாழக்கிழமை.