மேப் சென்சர் 87 காட்டுகிறது. மாற்றணுமா? பெரிய ஸ்கேனர் வாங்கணுமா?

தலவாக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2010 ஹொண்டா ஃபிட், பெற்றோல். எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நானும் தம்பியும் வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறோம். கொஞ்ச நாளாக செக் எஞ்சின் லைட் எரிகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் லேசாக உதறுகிறது, ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு ஒட்சிசன் சென்சர் போய்விட்டது என்றார்கள். சம்பளம் வந்த கையோடு மாற்றினோம். அந்த வாரமே லைட் திரும்ப வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணாவிடம் காரில் செருகி எஞ்சின் கம்ப்யூட்டரைப் போனில் படிக்கும் புளூடூத் டொங்கிள் ஒன்று இருந்தது. இரவல் வாங்கி போனில் பார்த்தேன். பி0171 என்று ஒரே ஒரு பிழைக் கோட். அதன் ஃப்ரீஸ் ஃப்ரேமில் (கோட் விழுந்த நேரத்துப் பதிவில்) வேகம் 0, ஆர்பிஎம் 740, கூலன்ட் 86 பாகை, லோங் டேர்ம் ஃபியுவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதம்) +21 என்று இருக்கிறது.

இன்னொன்று. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒன் செய்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் 87 கிலோபாஸ்கல் காட்டுகிறது. கடற்கரைப் பக்கம் வத்தளையில் இருக்கும் சித்தப்பா மகனிடமும் இதே கார்தான். அதில் 101. “உன் சென்சர் செத்துவிட்டது அக்கா, பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடையில் ஒன்று எடுத்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்” என்கிறான்.

சென்சரை மாற்றவா? அப்புறம், காசு சேர்த்து டெப் மாதிரி வரும் பெரிய ஸ்கேனர் வாங்கினால் பிரயோசனப்படுமா? இனி யாரோ சொன்னார்கள் என்று பார்ட்ஸ் மாற்ற எனக்கு மனமில்லை.

லிந்துலை எலெக்ட்ரீஷியன்:

டீச்சர், அந்த மேப் சென்சரில் கை வைக்காதீர்கள். அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அந்த 87-தான் சாட்சி.

எஞ்சின் ஓடாதபோது அந்தச் சென்சர் காட்டுவது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தை. கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். மேலே ஏற ஏறக் குறையும். தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், அங்கே 87, 88 வரவேண்டும். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர், அங்கே 81 பக்கம்தான் வரும். வத்தளைத் தம்பியின் காரை இங்கே ஓட்டிவந்தால் அதுவும் 87 காட்டும். உங்கள் காரில் கினிகத்தேன வழியாக அவிசாவளைக்கு இறங்கிப் பாருங்கள், இடையிடையே ஓரமாக நிறுத்தி சாவியை ஒன் செய்தால் எண் ஏறிக்கொண்டே வருவது தெரியும். தலவாக்கலையில் 101 காட்டினால்தான் பயப்பட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்கேனரோடு வரும் புத்தகமும் யூடியூப் வீடியோவும் சமதரைக்காரருக்காகச் செய்தவை. அதில் இருக்கும் எண்ணை அப்படியே மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல சென்சர்களைக் கழற்றி வீசுகிறார்கள். நம் ஊர்க் காருக்கு நம் ஊர் எண் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இனி பி0171. பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்பதுதான் அதன் அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஒட்சிசன் சென்சர். அதை மாற்றியது, களவைப் பார்த்துச் சொன்னவனையே பிடித்து உள்ளே போட்ட மாதிரி.

உங்கள் ஃப்ரீஸ் ஃப்ரேமில் விஷயம் இருக்கிறது. கோட் விழுந்த நேரம் கார் நிற்கிறது, எஞ்சின் சூடாக இருக்கிறது, கம்ப்யூட்டர் வழக்கத்தை விட 21 வீதம் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது லைவ் டேட்டாவில் ஷோர்ட் டேர்ம் (அந்தந்த நொடித் திருத்தம்), லோங் டேர்ம் (நாள்பட்ட திருத்தம்) இரண்டு ட்ரிமையும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். முதலில் ஐட்லிங்கில், பிறகு ஆர்பிஎம்மை 2,500-இல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு. 2,500-இல் கூட்டுத்தொகை நன்றாக இறங்கினால் எங்கோ காற்று களவாகப் புகுகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். மாறாக, ஏற்றத்தில் மிதிக்கும்போது ட்ரிம் கூடினால் ஃபியுவல் பம்ப், ஃபில்டர், அழுக்குப் பிடித்த காற்று அளவி என்று வேறு பக்கம் போக வேண்டும்.

காற்றுப் புகுவதாகத் தெரிந்தால், எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, கார் ஹேண்ட் பிரேக்கில் நிற்க, குறட்டின் வாயில் துணி சுற்றி இன்டேக் (எஞ்சின் காற்று இழுக்கும்) பக்கம் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெதுவாக நசுக்குங்கள். தம்பி போனில் ஷோர்ட் டேர்மைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எதை நசுக்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் இடத்திலோதான் ஓட்டை. முதலில் பிசிவி ஹோஸ், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய். இந்த வயதுக் கார்களில் அது வளைவின் அடிப்பக்கம்தான் வெடிக்கும், மேலிருந்து பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், அதனால் வேண்டாம்.

இதற்கெல்லாம் உங்கள் கையில் இருக்கும் டொங்கிளே போதும். பெரிய ஸ்கேனர் பற்றி ராகலைத் தம்பி சொன்னால் நன்றாக இருக்கும், அவரிடம் ஒன்று இருக்கிறது.

ராகலை வேன்:

வணக்கம் டீச்சர். நான் மரக்கறி ஏற்றி தம்புள்ளைக்கு ஓடுகிறேன், கேடிஎச் வேன். எனக்கு டெப் ஸ்கேனர் வாங்காமல் இருக்க முடியவில்லை.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் லைட் வந்தது. என்னிடம் இருந்த டொங்கிள் எஞ்சினோடு மட்டும்தான் பேசும், ஏபிஎஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஓர் இடத்தில் ஏபிஎஸ் பம்ப் மாற்ற வேண்டும் என்று சொன்ன விலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம். ஸ்கேனர் வந்ததும் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே கிராஃபில் போட்டு, மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்ட ரோட்டில் மெதுவாக ஓட்டினோம். மூன்று கோடு சேர்ந்தே போகிறது, பின் இடது சக்கரத்தின் கோடு மட்டும் வேகம் குறையும்போது திடீரென்று பூச்சியத்துக்கு விழுகிறது. சக்கரத்தைக் கழற்றினால் சென்சர் நுனியில் தோட்டத்துச் செம்மண்ணும் இரும்புத் தூளும் கட்டியாக ஒட்டியிருந்தது. துடைத்துப் போட்டேன், லைட் போய்விட்டது.

பிரேக் எண்ணெய் மாற்றிய பிறகு ஏபிஎஸ்ஸுக்குள் இருக்கும் காற்றை எடுக்க, ரேடியேட்டர் ஃபேனை வெறுமனே ஓடவைத்துப் பார்க்க, ஹைபிரிட் பெட்டரியின் பகுதிகளைத் தனித்தனியாக ஒப்பிட இதுதான் வேண்டும். வாங்குவதென்றால் கடையிலேயே உங்கள் காரில் மாட்டி, மெனுவில் ஜப்பான் ஹொண்டா தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஜப்பானுக்குள் விற்கச் செய்த வண்டிகள், வெளிநாட்டு மெனுவில் பாதி வராது. இலவச அப்டேட் எத்தனை வருஷம் என்றும் கேளுங்கள். அந்தக் காலம் முடிந்தால் காசு கேட்பார்கள். காரின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றும் கோடிங், எயார்பேக் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

தலவாக்கலை டீச்சர்:

அண்ணே, கண்டுபிடித்துவிட்டோம்! ஐட்லிங்கில் கூட்டுத்தொகை +24, 2,500-இல் +7. பிசிவி ஹோஸை நசுக்கியதும் தம்பி “இறங்குது, இறங்குது” என்று கத்தினான். கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரியே வளைவின் அடியில் நகம் நுழையும் அளவு வெடிப்பு. இப்போதைக்கு டேப் சுற்றியிருக்கிறேன், உதறல் நின்றுவிட்டது. அந்த பி0171 கோட் உடனே அழிக்கலாமா? ராகலைத் தம்பிக்கும் நன்றி, பெரிய ஸ்கேனரை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். டொங்கிள் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்வேன்.

லிந்துலை எலெக்ட்ரீஷியன்:

சந்தோஷம் டீச்சர். அழிக்கும் முன் அந்த ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், கோட் அழிந்தால் அதுவும் போய்விடும். அழித்த பிறகு வழக்கம்போல் ஸ்கூலுக்கு ஓடுங்கள். அடுத்த வாரம் லோங் டேர்மைப் பாருங்கள், +5-க்கும் -5-க்கும் இடையில் நின்றால் வேலை முடிந்தது.

இன்னொன்று, அந்த 86 பாகையைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. இங்கே பல கராஜ்களில் ஏற்றத்தில் சூடாகிறது என்று எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தேமோஸ்டட்டையே கழற்றிவிடுகிறார்கள். குளிரில் எஞ்சின் 60-ஐத் தாண்டாமல் ஓடிப் பெற்றோலைக் குடிக்கும். உங்களுடையதை யாரும் கழற்றவில்லை, கழற்றவும் விடாதீர்கள்.

டேப் எண்ணெய்ச் சூட்டில் நிற்காது. ஹோஸைப் புதிதாகவே வாங்குங்கள். பஞ்சிகாவத்தைப் பழைய ஹோஸ் வேண்டாம், அந்த ரப்பருக்கும் உங்கள் கார் வயதுதான்.