புதுப்பிப்பு: சாயம் இறங்கிய சேலைப் போர்வை என்ன ஆனது?

மாமியாரின் பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்ததையும், முதல் அலசலிலேயே அரக்குச் சாயம் வெள்ளைக் கட்டங்களில் இறங்கியதையும் போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? அதன் தொடர்ச்சி இது.

காயவிடாமல் உடனே மறுபடி சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். முக்கால்வாசி போய்விட்டது, ஓரத்தில் மட்டும் லேசான ரோஸ் நிற்கிறது. "தாழம்பூ மாதிரி இருக்கு, விடும்மா" என்றார் அத்தை. விட்டுவிட்டேன்.

இப்போது அடுத்த போர்வை. ஒவ்வொரு சேலையையும் தனித்தனியாக அலசிக் காயவைத்த பிறகுதான் கத்தரிக்கோல். ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக ஆறு நிற்கும். 9 வரிசை, வரிசைக்கு 12. மொத்தம் 108! திட்டமிட்டதில்லை, சத்தியமாக.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளிலேயே போர்வை தைத்தவர்கள். 2006இல் அவை தபால்தலையாகவே வந்தன. கோணல் மாணலான அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகு அளவுகோலை அவ்வளவாகத் தேடுவதில்லை.

மகள் தூங்கிய பின் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சேலை எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். பாதி வேலை அதிலேயே நின்றுவிடுகிறது.