27-ஆவது ஸ்லைடில் இருந்த விஷயம்

கோவைக்காரன்:

மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் பேசுவது பற்றித்தானே பேச்சு, என் சொதப்பலை வைத்தே ஆரம்பிக்கிறேன். பம்ப் தயாரிக்கும் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், 16 வருட சர்வீஸ். ஷாப் ஃப்ளோரில் நான் ஒரு சத்தம் போட்டால் கடைசி லேத் வரைக்கும் கேட்கும். அதே ஆள் போர்டு ரூமில் ஐந்து பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆலையில் பழைய ஏர் லைன், அதாவது கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் காற்றை மெஷின்களுக்குக் கொண்டுபோகும் பைப், முழுக்க ஒழுகல். மாற்றப் பணம் கேட்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து 34 ஸ்லைடு போட்டேன். ஜி.ஐ. பைப் எந்த வருடம் போட்டது, எத்தனை ஜாயின்ட், அலுமினிய பைப் ஏன் தேவலை, மூன்று வருட ரிப்பேர் லிஸ்ட் என்று ஒன்றையும் விடவில்லை. திரையைப் பார்த்தபடியே வாசித்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது ஸ்லைடில் எம்.டி. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எவ்வளவு வேணும் தம்பி? மாத்தாட்டி என்ன ஆகும்?" என்றார்.

"அது பின்னாடி வருதுங்க சார்" என்றேன். சிரிக்காதீர்கள், அப்படியேதான் சொன்னேன். அது இருந்தது 27-ஆவது ஸ்லைடில். 20 வருவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

அப்புறம் ஃபைனான்ஸில் இருக்கும் ஒரு அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். ஸ்லைடைத் திறக்கவே விடவில்லை. "வீட்ல தண்ணி மோட்டார் மாத்தணும்னா சம்சாரத்துகிட்ட எப்படிக் கேப்பீங்க? மோட்டாரோட ஜாதகத்தையா வாசிப்பீங்க?" என்றார்.

அடுத்த முறை மூன்றே ஸ்லைடு. எடுத்ததும், "14 லட்சம் வேணுங்க சார், இப்ப மாசம் 80 ஆயிரம் ரூபாய்க்குக் காத்து வீணாப் போகுது" என்று சொல்லிவிட்டேன். பிறகு மொபைலில் எடுத்த வீடியோவைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஒரு மெஷினும் ஓடவில்லை, கம்ப்ரசர் மட்டும் லோடு எடுத்து எடுத்து ஓடுகிறது. சுவரோரமாக உஸ்ஸென்று சத்தம். எம்.டி. இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை யாருக்குய்யா காத்து போகுது?" என்றார். அதற்குமேல் நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

தாம்பரம் லோக்கல்:

27-ஆவது ஸ்லைடு என்றதும் நாசாவின் கொலம்பியா விண்ணோடம்தான் ஞாபகம் வந்தது. 2003 ஜனவரியில் ஏவும்போது நுரைத் துண்டு ஒன்று உடைந்து இறக்கையில் அடித்தது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் நாசாவுக்குப் போட்டுக் காட்டிய ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். அதே ஸ்லைடின் அடியில், பொடி எழுத்தில், சோதனைக்கு எடுத்த துண்டு 3 கன அங்குலம், அடித்த துண்டோ 1920 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து விமர்சித்தது. ஸ்லைடுதான் கொன்றது என்று சிலர் சொல்வார்கள், அது மிகை. ஆனால் முதலில் சொல்ல வேண்டியதை அடியில் போட்டார்கள், நம்ம கோவை நண்பர் மாதிரியே.

மீரா அம்மா:

எனக்கு வியாதி வேறு. டீம் லீட் ஆன புதிதில், மேடையில் பேசிப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். 1924-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு, இப்போது நம் ஊர்களிலும் நிறைய கிளப்புகள் உண்டு. முதல் பேச்சுக்கு 4 முதல் 6 நிமிடம். 4-இல் பச்சை, 5-இல் மஞ்சள், 6-இல் சிவப்பு காட்டுவார்கள். நேரத்தைத்தான் பெரிதாகப் பயந்தேன், அதில் தப்பித்துவிட்டேன். 'ஆ கவுண்டர்' என்று ஒருவர் இருப்பார், பேச்சில் வரும் 'ஆ', 'ம்' போன்ற ஒட்டுகளை எண்ணுவது அவர் வேலை. கடைசியில் எழுந்து, "மேடம், 31 'வந்து'" என்றார். நான் ஒரு 'வந்து' கூடச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை!

வீட்டில் சொன்னதும் என் மகள் புளியங்கொட்டையும் எவர்சில்வர் டம்ளரும் எடுத்து வந்தாள். நான் பேசிப் பார்க்கும்போது ஒவ்வொரு 'வந்து'க்கும் ஒரு கொட்டை. டிங். முதல் நாள் எரிச்சலில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில், டிங் விழப்போகிறது என்பது வாயைத் திறக்கும் முன்பே தெரிய ஆரம்பித்தது. அந்த இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடுவேன், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு அது யோசித்துப் பேசுவதாகப் படுகிறதாம். இப்போதும் ஐந்தாறு வரும். சுத்தமாகத் துடைத்தால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

பெஞ்ச் நம்பர் 3:

எங்கள் ஆபீஸ் ட்ரெய்னிங்கில் "வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும்" என்று ஒருவர் அடித்து விட்டார். அதை நம்பி ஆறு மாதம் கையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் செய்த ஆய்வுகளின் கணக்கு அது. ஒருவரின் சொல் ஒன்றும் முகமும் குரலும் வேறொன்றும் சொன்னால், அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து எடுத்துக்கொள்கிறோம் என்பதற்குத்தான் பொருந்தும். பட்ஜெட் கேட்பதற்கு அல்ல. அது சரி, கோவைக்காரரே, 14 லட்சம் கிடைத்ததா இல்லையா?

கோவைக்காரன்:

11 கிடைத்ததுங்க. மீதி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். மீரா அம்மா, உங்கள் டம்ளர் வைத்தியத்தை என் பையனிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். எனக்கு 'வந்து' இல்லை, 'பாத்தீங்கன்னா'. நேற்று ராத்திரி தோசை முடிவதற்குள் பாதி டம்ளர்.