படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு புத்தகம் வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுக்கையில் இருக்கிறார்கள். வலியைவிட, "கோயிலைப் பெருக்கக்கூட உதவாத உடம்பாயிட்டே" என்பதுதான் பெரிய பாரம். வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். பவுல் மூன்று தரம் வேண்டியும், மாம்சத்தில் முள்ளாய்க் குத்திய பாடு நீங்கவில்லை, கிருபைதான் கிடைத்தது என்றதும், "அவரு அப்போஸ்தலர், நான் யாரு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அப்புறம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து புத்தகங்கள் எழுதினார். "நம்ம திருநெல்வேலிப் பக்கமா?" என்று உடனே கேட்டார்கள்.

அவரைப் பற்றித் தமிழில், பெரிய எழுத்தில் புத்தகமோ ஒலிப்பதிவோ யாரிடமாவது இருக்கிறதா? படுத்தபடியே செய்யக்கூடிய சபை வேலை இருந்தாலும் சொல்லுங்கள். "ஜெபம் பண்ணச் சொல்லுங்க" மட்டும் வேண்டாம், அதை விடியற்காலை நாலு மணிக்கே முடித்துவிடுகிறார்கள்!