அணிக்குள் அணியாக உள்ள தரவிலிருந்து மெனு: துணைமெனு தாய் உருப்படிக்கு வெளியே போய்விடுகிறது

வினா

வணக்கம். பிஎச்பி நிரல்மொழியில் எழுதிவரும் ஒரு வலைத்தளத்தின் மெனுவை அணிக்குள் அணியாக (மதிப்புகளின் தொகுப்புக்குள் தொகுப்பாக) வைத்திருக்கிறேன். ஒவ்வோர் உருப்படியிலும் ‘தலைப்பு’, ‘முகவரி’ என்ற இரண்டு சாவிகள் கட்டாயம் இருக்கும். துணைமெனு உள்ள உருப்படிகளில் மட்டும் ‘கிளைகள்’ என்ற மூன்றாவது சாவியும் இருக்கும். முதல் நிலையில் முகப்பு, சேவைகள், தொடர்பு ஆகியவையும், சேவைகளின் கீழ் வடிவமைப்பு, பராமரிப்பு ஆகியவையும், வடிவமைப்பின் கீழ் சின்னம் என்பதும் வர வேண்டும்.

அணியின் உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச் மடக்குக்குள் இன்னொரு ஃபார்ஈச் எழுதியபோது இரண்டு நிலைகள் சரியாக வந்தன. ஆனால் எத்தனை நிலைகள் வரும் என்பது முன்கூட்டியே தெரியாது என்பதால், தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறாக அதை மாற்றினேன். இப்போது எல்லா நிலைகளும் வருகின்றன, இரண்டு கோளாறுகளுடன். வடிவமைப்பும் பராமரிப்பும் அடங்கிய பட்டியல், சேவைகள் என்ற எல்ஐ குறிக்கு (பட்டியலின் ஓர் உருப்படியைக் காட்டும் எச்டிஎம்எல் குறி) உள்ளே அமையாமல் அதற்கு அடுத்ததாக அமைகிறது. அதனால் சேவைகளின் மேல் சுட்டியை வைத்தால் துணைமெனு விரிய வேண்டும் என்ற சிஎஸ்எஸ் (தோற்றத்தை வகுக்கும் மொழி) விதி வேலை செய்வதில்லை. அடுத்து, அதே செயற்கூறைப் பக்கத்தின் அடிப்பகுதிக்கு வேறொரு சிறிய அணியுடன் அழைத்தால், மேலுள்ள மெனு முழுவதும் அங்கேயும் வந்து நிற்கிறது. வெளியீட்டைச் சேர்த்துவைக்கச் செயற்கூறுக்குள் ஸ்டேடிக் மாறி ஒன்றை வைத்திருக்கிறேன். இதற்குப் பதிலாக, அணியின் எல்லா நிலைகளையும் தானே சுற்றிவரும் அரே_வாக்_ரிகர்சிவ் என்ற பிஎச்பி செயற்கூறைப் பயன்படுத்துவது நல்லதா?

பதில் 1

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், எல்ஐயின் மூடும் குறியை எழுதிவிட்டு அதன் பிறகுதான் கிளைகளுக்காகச் செயற்கூறை அழைக்கிறீர்கள். எச்டிஎம்எல் விதிப்படி ஒரு யுஎல் (முழுப் பட்டியலுக்கான குறி) இன்னொரு யுஎல்லின் நேரடிக் குழந்தையாக இருக்கக் கூடாது. அது ஓர் எல்ஐக்குள்தான் இருக்க வேண்டும். உலாவி இதைப் பிழை என்று சொல்லுவதும் இல்லை, தானாகச் சரிசெய்வதும் இல்லை. பட்டியலை உள்ளே தள்ளியே காட்டுவதால் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும், சிஎஸ்எஸ் விதி எழுதும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: எல்ஐயைத் திறந்து, இணைப்பை எழுதி, ‘கிளைகள்’ வெறுமையாக இல்லையென்றால் அந்த அணியைக் கொடுத்து இதே செயற்கூறை அழைத்து, அது திருப்பித் தரும் சரத்தை (எழுத்துத் தொடரை) ஒட்டி, அதற்குப் பின்னரே எல்ஐயை மூடுங்கள். யுஎல்லைத் திறப்பதும் மூடுவதும் மடக்குக்கு வெளியே, செயற்கூறின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை மட்டும் நடக்க வேண்டும். சாவி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் அதில் ஏதேனும் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கடைசிக் கிளையை நீக்கிய உருப்படிக்குள் வெற்று யுஎல் ஒன்று தங்கி, விரிகின்ற இடத்தில் காலிப் பெட்டியாகத் தெரியும்.

ஸ்டேடிக் மாறியை எடுத்துவிடுங்கள். செயற்கூறின் எல்லா அழைப்புகளுக்கும் அது பொதுவானது. பக்கத்தை உருவாக்கும் வேலை முடியும்வரை தன் மதிப்பை விடாது. அடிப்பகுதியில் மேல் மெனு வருவதற்கு அதுவே காரணம். ஒவ்வோர் அழைப்பும் வெற்றுச் சரத்துடன் தொடங்கும் தனக்கான மாறியில் சேர்த்து, முடிவில் அதைத் திருப்பித் தரட்டும். உங்கள் தரவில், ‘சின்னம்’ உள்ள அழைப்பு தன் யுஎல்லை முழுமையாகக் கட்டி வடிவமைப்பிடம் கொடுக்கும். வடிவமைப்பு அதைத் தன் எல்ஐக்குள் வைத்து மூடும். அந்தப் பட்டியல் முழுவதும் சேவைகளிடம் போய்ச் சேரும். செயற்கூறுக்குள் எந்த இடத்திலும், உடனே அச்சிட்டுவிடும் எக்கோ கட்டளை வேண்டாம். சரத்தை ஒட்டும் நடுவில் உள் அழைப்பு எக்கோ செய்தால், வெளிச்சரம் அச்சாவதற்கு முன்பே துணைமெனு அச்சாகிவிடும்.

அரே_வாக்_ரிகர்சிவ் இதற்குப் பொருந்தாது. மதிப்பு அணியாக உள்ள சாவிகளை அது உங்கள் செயற்கூறுக்கு அனுப்புவதே இல்லை, நுனியில் உள்ள மதிப்புகளை மட்டுமே அனுப்பும். ஒரு நிலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் யுஎல்லைத் திறக்கவோ மூடவோ வழியில்லை. ரிகர்சிவ்இட்டரேட்டர்இட்டரேட்டர் வகுப்பில் அதற்கான முறைகள் உண்டு என்றாலும், உங்கள் அணியில் ஒவ்வோர் உருப்படியும் தானே ஓர் அணி என்பதால் அதற்குத் தனி வகுப்பு எழுத நேரிடும். ஒரு மெனுவுக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

வினா எழுப்பியவர்

மிக்க நன்றி. மூடும் குறியை நகர்த்தியதும் துணைமெனு விரிகிறது. அடிப்பகுதி மெனுவும் தனியாக வருகிறது. தொடர்ந்து இரண்டு ஐயங்கள். இந்த உருப்படிகளை விரைவில் தரவுத்தள அட்டவணைக்கு மாற்றப்போகிறோம். ஒவ்வொரு வரியிலும் தன் எண்ணும் தாய் உருப்படியின் எண்ணும் இருக்கும், முதல் நிலை உருப்படிகளுக்குத் தாய் எண் 0. செயற்கூறுக்குள்ளேயே ஒவ்வொரு தாய்க்கும் ஒரு வினவல் அனுப்பலாமா? மேலும், பார்வையாளர் ‘சின்னம்’ பக்கத்தில் இருக்கும்போது வடிவமைப்பும் சேவைகளும் விரிந்தே இருக்க வேண்டும். அதை எங்கே கணக்கிடுவது?

பதில் 2

செயற்கூறுக்குள் வினவல் வேண்டாம். உருப்படிகள் எத்தனையோ அத்தனை வினவல்கள் ஓடும். எல்லா வரிகளையும் வரிசை எண்ணின்படி ஒரே வினவலில் எடுத்து, ஒரே ஒரு ஃபார்ஈச் மடக்கில் தாய் எண்ணையே சாவியாகக் கொண்ட அணியில் அடுக்குங்கள்: 0 என்ற சாவியில் முதல் நிலை உருப்படிகள், சேவைகளின் எண்ணில் அதன் இரண்டு கிளைகள் என்று அமையும். செயற்கூறு இந்த அணியையும் ஒரு தாய் எண்ணையும் பெற்றுக்கொண்டு, அந்தச் சாவியில் உள்ளவற்றை மட்டும் சுற்றிவந்தால் போதும். அடுக்கும்போது வரிசை மாறுவதில்லை என்பதால் மீண்டும் வரிசைப்படுத்த வேண்டாம்.

விரிந்திருக்க வேண்டியவற்றை மெனு கட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். நடப்புப் பக்கத்தின் எண்ணிலிருந்து தாய், அதன் தாய் என்று 0 வரும்வரை மேலேறி, வழியில் வரும் எண்களை ஓர் அணியின் சாவிகளாக வைத்துக்கொள்ளுங்கள். மெனு கட்டும்போது உருப்படியின் எண் அந்த அணியில் இருந்தால் விரிந்த நிலைக்கான வகுப்புப் பெயரைச் சேர்க்கலாம்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. யாரேனும் ஓர் உருப்படியை அதன் சொந்தக் கிளைக்குக் கீழேயே நகர்த்திவிட்டால், அந்த வளையத்துக்கு 0 இலிருந்து இறங்கிவர வழி இருக்காது. ஆகவே மெனுவில் அந்தப் பகுதி எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் காணாமல் போகும். மாறாக, மேலேறும் மடக்கு அந்த வளையத்துக்குள் சிக்கினால் வெளியே வரவே வராது. ஏற்கெனவே பார்த்த எண் மீண்டும் வந்தால் மடக்கை நிறுத்துங்கள். சேமிக்கும்போதே புதிய தாய் அந்த உருப்படியின் வழித்தோன்றலா என்று சோதிப்பது இன்னும் நல்லது.

பதில் 3

தரவுத்தளத்துக்கு மாறினால் தலைப்புகளை நீங்கள் அல்லாத பிறரும் எழுதுவார்கள். தலைப்பு, முகவரி இரண்டையும், எச்டிஎம்எல்லில் தனிப்பொருள் உள்ள எழுத்துகளைத் தீங்கற்ற வடிவத்துக்கு மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் செயற்கூறு வழியாகவே அனுப்புங்கள். பிஎச்பி 8.1 முதல் அது ஒற்றை மேற்கோளையும் இயல்பாகவே மாற்றுகிறது; அதற்கு முந்தைய பதிப்புகளில் ஈஎன்டி_கோட்ஸ் என்ற விருப்பத்தை நீங்களே கொடுக்க வேண்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் முகவரியை இது தடுக்காது. அனுமதிக்கும் முகவரி வகைகளைத் தனியே சோதியுங்கள்.

திரைவாசிப்பான்களுக்கு நடப்புப் பக்கத்தை உணர்த்தும் ஏரியா-கரண்ட் பண்பை நடப்புப் பக்கத்தின் இணைப்புக்கு மட்டும், ‘பேஜ்’ என்ற மதிப்புடன் கொடுங்கள். மேலே உள்ள வடிவமைப்புக்கும் சேவைகளுக்கும் அது வேண்டாம். சுட்டியை வைத்தால் மட்டுமே விரியும் மெனு விசைப்பலகையால் உலவுகிறவர்களுக்கு எட்டாது. ஆகவே கிளைகள் உள்ள ஒவ்வோர் எல்ஐயிலும் இணைப்புக்கு அடுத்து ஒரு பொத்தானை வைத்து, துணைமெனு விரிந்திருக்கிறதா என்பதை ஏரியா-எக்ஸ்பாண்டட் பண்பில் குறிப்பிடுங்கள். செயற்கூறில் ‘கிளைகள்’ இருப்பதைச் சோதிக்கும் அதே இடத்தில் இதையும் எழுதிவிடலாம்.